கடைப்பெயர் பொறித்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: அடையாளம் கண்டதும் விலை சொன்னதும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். பகலில் ஓர் இயந்திர ஆலையில் அளவுச் சோதனை என் வேலை. சனிக்கிழமைகளில் உள்ளூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் ஒத்தாசைக்குப் போவேன். பழைய துப்பாக்கிகளை அளந்து, படம் எடுத்து, குறித்து வைப்பது என் பங்கு. சுடலாமா கூடாதா என்ற கடைசி வார்த்தை பட்டறைக்காரருடையது.

இங்கே எழுதுவது ஒரு குடும்பத்தின் துப்பாக்கியைப் பற்றி. அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

தாயார் இறந்தபின் பண்ணை வீட்டைக் காலி செய்தபோது, மாடி அறையில் பழைய போர்வையில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அக்காள் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. தம்பி மினசோட்டாவில் இருக்கிறார். தங்கள் தாத்தா வாங்கிய துப்பாக்கி என்பதைத் தவிர இருவருக்கும் வேறொன்றும் தெரியாது. அக்காளுக்குப் பாகப் பட்டியலில் எழுத ஒரு தொகை வேண்டும். தம்பிக்கு அது விலையுயர்ந்த பழம்பொருள் என்ற நம்பிக்கை. விற்று ஆளுக்குப் பாதி எடுக்கலாம் என்றார். அக்காளின் பேரன், இருபத்திரண்டு வயதுப் பையன், பாட்டியின் தாத்தா சுட்ட துப்பாக்கியோடு அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போக ஆசைப்பட்டான். புதிய தோட்டா ஒரு பெட்டி ஏற்கெனவே வாங்கியும் வைத்திருந்தான். இது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் பேச்சு: நான் செய்த தவறு

அக்காளான அந்த அம்மாள் முதலில் கைப்பேசியில் நான்கு படங்கள் அனுப்பினார். குழலில் பழுப்பும் கறுப்புமாக வரிகள். வெளியே தெரியும் இரண்டு குதிரைகள். குதிரை என்றால், தோட்டாவின் அடியைக் குத்தும் முள்ளைத் தட்டுகிற பாகம். குதிரையை இயக்கும் பொறியை மூடுகிற பக்கத் தகட்டில், அதாவது பூட்டுத் தகட்டில், ‘ரெவ்-ஓ-நாக்’ என்று பொறித்திருந்தது.

படத்தைப் பார்த்த உடனே பதில் சொன்னேன். குழல் டமாஸ்கஸ் (உலோகப் பட்டைகளை ஒட்டிச் செய்த வரிக்குழல்) மாதிரி தெரிகிறது, பெல்ஜியத்தில் செய்ததாக இருக்கலாம், 1800-களின் கடைசியாக இருக்கும், நல்ல நிலையில் இருந்தால் நானூறு ஐந்நூறு டாலர் போகலாம் என்றேன். ஒவ்வொன்றிலும் ‘லாம்’ போட்டுத்தான் சொன்னேன். ஆனால் கேட்டவர்களின் மனதில் அந்த ‘லாம்’ நிற்கவில்லை. இரண்டு நாளில் தம்பி அதைப் ‘பெல்ஜியம் டமாஸ்கஸ்’ என்று தேடி, யாரோ 1,900 டாலர் கேட்டு விளம்பரம் போட்டிருந்த துப்பாக்கி ஒன்றைக் கண்டுபிடித்து அக்காளுக்கு அனுப்பிவிட்டார். பின்னால் அந்தக் குடும்பத்தில் வந்த வருத்தத்துக்குப் பாதிக் காரணம் என் அவசரப் பதில்தான்.

துப்பாக்கி வந்த நாள்

பட்டறைக்காரர் எந்தத் துப்பாக்கியையும் பேச்சு தொடங்குவதற்கு முன் திறந்து பார்ப்பார். போர்வையைப் பிரித்தார், குழல்களைச் சுவர்ப்பக்கம் திருப்பினார், மேல் நெம்பியைத் தள்ளி மடக்கித் திறந்தார். இடது குழலில் ஒரு தோட்டா இருந்தது.

நல்லவேளை, அது சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா. காகித உறை ஈரத்தில் ஊறி, காய்ந்து, அறைச்சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. குழலின் வாய்ப்பக்கமிருந்து மரக்குச்சி விட்டு மெதுவாகத் தட்டி எடுத்தார். நாற்பது வருடமாவது யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள் என்றார் அந்த அம்மாள். அதில் வெடிமருந்து இருந்திருந்தால் என்று நினைத்துத் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெற்று உறையை எறியாமல் வைத்துக்கொண்டோம். பிறகு அதுவே ஒரு சாட்சியாக உதவியது.

பெயர் சொன்னது எவ்வளவு

‘ரெவ்-ஓ-நாக்’ என்றொரு துப்பாக்கித் தொழிற்சாலை கிடையாது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் ‘கோனோவர்’ என்று வரும். சிகாகோவின் ‘ஹிப்பார்ட், ஸ்பென்சர், பார்ட்லெட்’ என்ற இரும்புச்சாமான் மொத்த விற்பனை நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்தவரின் குடும்பப் பெயர் அது. 1855-ல் வேறொரு பெயரில் தொடங்கிய அந்த வணிகம் 1882-ல் இந்த மூவர் பெயருக்கு மாறியது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ‘ட்ரூ வேல்யூ’ என்ற கடைப்பெயரை 1932-ல் உருவாக்கியதும் இவர்களே. 1963-ல் அந்தப் பெயரை ஜான் காட்டர் என்ற இரும்புச்சாமான் வணிகருக்கு 2,500 டாலருக்கு விற்றார்கள்.

அந்தக் காலத்து வழக்கம் இது: நாட்டுப்புறத்து இரும்புக்கடைக்காரர் ஆணி, கோடாரி, கலப்பைக் கொழு வாங்குகிற அதே மொத்த வியாபாரியிடம் துப்பாக்கியும் வாங்குவார். மொத்த வியாபாரிக்குத் தன் பெயரிலேயே ஒரு துப்பாக்கி வேண்டும். தொழிற்சாலை ஒரே மாதிரித் துப்பாக்கியைச் செய்து, ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒவ்வொரு பெயரைப் பூட்டுத் தகட்டில் அடித்துக் கொடுக்கும். இந்த வேலையை அதிகம் செய்தது கனெடிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரெசென்ட் ஃபயர் ஆர்ம்ஸ். 1890-களிலேயே அது நியூயார்க்கின் எச். அண்ட் டி. ஃபால்சம் என்ற பெருவணிகரின் கைக்குப் போயிற்று. அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடைப்பெயர்களில் துப்பாக்கிகள் வெளியே போயின. 1930 வாக்கில் கிரெசென்ட் டேவிஸ்-வார்னர் என்ற துப்பாக்கி நிறுவனத்தோடு இணைந்தது. சீக்கிரமே ஸ்டீவன்ஸ் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனத்தின் கைக்குப் போய் முடிந்தது.

ஆக, பெயரைப் படித்ததும் யார் விற்றார் என்பது கிடைத்துவிட்டது. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதற்குப் பெயர் உதவாது. ஒரே வியாபாரி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தொழிற்சாலைகளிடம் வாங்கியிருப்பார். அதனால் பெயர்ப்பட்டியலில் ‘ரெவ்-ஓ-நாக் — கிரெசென்ட்’ என்று இருந்ததை நாங்கள் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

இரும்பு சொன்னது

குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, பூட்டுத் தகடுகளையும் கழற்றினோம். உள்ளே வில்லும் நெம்பியும் அமைந்த விதத்தை, உதிரிபாகக் கடைகள் இன்றும் அச்சிடுகிற கிரெசென்ட் வரைபடங்களோடு வைத்துப் பார்த்தோம். திருகின் இடம், வில்லின் வளைவு, குழலடிக் கொண்டியின் வடிவம் எல்லாம் பொருந்தின. குழல்கள் பொருந்துகிற இரும்புச் சட்டத்திலும் குழலிலும் முன்கட்டை இரும்பிலும் ஒரே எண் அடித்திருந்தது. அதாவது குழல் பின்னால் மாற்றியது இல்லை.

பெல்ஜியம் என்று நான் சொன்னது இங்கேதான் விழுந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் முடித்து அனுப்பிய துப்பாக்கியின் குழலடியில், முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்ற எழுத்துகளோடு சோதனைச்சாலை முத்திரை இருக்கும். 1893-க்குப் பிறகு அதன் மேல் ஒரு கிரீடமும் சேரும். 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி வரிச்சட்டம் வந்தபின், அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்றும் பொறித்திருக்க வேண்டும். எங்கள் துப்பாக்கியில் இரண்டும் இல்லை. இடது குழலின் அடியில் தேய்ந்த சிறு எழுத்துகள் சில மட்டும் இருந்தன. அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிற்சாலைகள் பலவும் வரிக்குழல்களை முரட்டு நிலையில் பெல்ஜியத்திலிருந்து வரவழைத்து, இங்கே கடைந்து முடித்துப் பொருத்தின. அந்த எழுத்துகள் அப்படி வந்த குழல்காரரின் குறியாக இருக்கும் என்று குறித்துக்கொண்டோம். குழல் எங்கிருந்து வந்திருந்தாலும் துப்பாக்கி அமெரிக்கத் தயாரிப்புதான்.

அடுத்தது வரிகள். அந்நாளில் சாதாரண எஃகுக் குழலின் மேல் அமிலத்தாலோ சாயத்தாலோ வரி போட்டு விற்றதும் உண்டு. முன்கட்டைக்குள் மறைகிற இடத்தில் சுண்டுவிரல் நக அளவுக்கு மட்டும் மெருகேற்றி, நீர்த்த ஃபெரிக் குளோரைடு தொட்டு வைத்தோம். பழைய வரி போன இடத்தில் புது வரி அதே சாய்வில் மெல்ல எழுந்து வந்தது. மேலே பூசியதாக இருந்தால் மெருகோடு போயிருக்கும். இரும்பும் எஃகுமான பட்டைகளை ஓர் அச்சுக்கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய ‘ட்விஸ்ட்’ குழல்தான் இது. நாடாவை உருளையில் சுற்றியது போன்ற எளிய சாய்வு வரி. பட்டைகளையே முறுக்கிப் பூ மாதிரி வரவழைக்கிற உயர்ந்த டமாஸ்கஸ் வேலை வேறு. அதற்கு விலையும் வேறு.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். டமாஸ்கஸ் வாள் என்றால் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன உருக்கு நினைவுக்கு வருவது இயல்பு. அது மூசையில் உருக்கி வார்த்த எஃகு. அதன் வரி உலோகத்துக்குள்ளேயே உறைந்து வருவது. துப்பாக்கிக் குழலின் டமாஸ்கஸ் பட்டைகளை ஒட்டிச் செய்தது. பெயர் மட்டுமே பொது. என்னிடம் கேட்ட நண்பர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்ததால் சொல்கிறேன்.

அளவுகள்

16 போர் (bore, குழலளவு) துப்பாக்கி. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்குப் பதினாறு நிற்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். கணக்குப்படி குழலின் உள்விட்டம் 0.662 அங்குலம். வலது குழல் 0.664 காட்டியது. இடது குழல் 0.673 வரை போனது. விளக்கு விட்டுப் பார்த்தால், அடியிலிருந்து ஒன்பது அங்குலத்தில் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு அம்மைத்தழும்பு மாதிரித் துருக்குழிகள். யாரோ ஒருமுறை அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். விட்டம் பெருத்த காரணம் அது.

சுவர்க்கனம் அதைவிட முக்கியம். வலதில் மிக மெலிந்த இடம் 0.030 அங்குலம். இடதில் 0.018. பழைய துப்பாக்கிகளில் 0.020-க்குக் கீழே போனால் பட்டறைக்காரர்கள் பொதுவாகக் கையை எடுத்துவிடுவார்கள். அதுவும் இது பட்டை ஒட்டிய குழல். ஒட்டுக்குள் கசடு இருந்தால், அங்கே நூறு வருடமாகத் துரு உள்ளே நடந்திருக்கும். வெளியே இருந்து எந்தக் கருவியும் அதை எனக்குக் காட்டாது.

தோட்டா அறையின் நீளம் 2 9/16 அங்குலம், ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். இடது குழலில் ஒட்டியிருந்த பழைய காகித உறையும் அதே நீளம். அமெரிக்காவில் 16 போருக்குப் பழைய அளவு இதுதான். இன்று கடையில் கிடைப்பது 2 3/4 அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர்.

பேரன் வாங்கிய தோட்டாவைப் பற்றி இந்த இடத்தில்தான் தெரிய வந்தது. நான் அறையின் நீளத்தைச் சொன்னதும் பையன், “ஆனா அது உள்ள சரியாப் போகுதே, போட்டுப் பாத்தேனே” என்றான். வீட்டில் வலது குழலில் போட்டுப் பார்த்திருக்கிறான்; அந்த அம்மாளுக்கு அது தெரியாது. இதை நான் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும். படிக்கிற யாருக்காவது ஒருநாள் உதவும். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 2 3/4 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுமுன் வாய் மடித்திருப்பதால் தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் நீளத் தோட்டா குட்டை அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்காரும், துப்பாக்கியும் நன்றாக மூடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் அடைக்கும். ரவை அந்த நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும், அழுத்தம் ஏறும். இன்றைய 16 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கிற உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பொருந்துகிறது என்பது பாதுகாப்பு என்று பையன் நினைத்தது இயல்பான தவறு. நாங்கள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழலடிக்கும் சட்ட முகத்துக்கும் நடுவே காகிதக் கீற்று ஒன்று இழுபடாமல் நழுவியது; 0.009 அங்குல இடைவெளி, குழலைச் சட்டத்தோடு இறுக்கும் பூட்டு தேய்ந்துவிட்டது. குழல்களைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். இது ஓட்டைப்பானை மாதிரி ஒலித்தது, இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது. வலது குதிரை வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. இடது குதிரை, பாதி இழுத்து நிறுத்தும் அரைநிலையில் நிற்கவில்லை. கட்டைவிரலால் தள்ளினாலே விழுந்தது. பின்கட்டையின் கழுத்தில் விரிசல், அதற்குச் செம்புக்கம்பி சுற்றிய நாட்டுவைத்தியம். குழல் நீளம் 28 அங்குலம், வெட்டப்படவில்லை. இதைக் கட்டாயம் அளந்து எழுத வேண்டும். 18 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டு மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அது வேறு சிக்கல்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவு: சுடக் கூடாது. விலை பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டறைக்காரர் பிடிவாதமாக இருந்தார். விலையை முதலில் சொன்னால் அதன் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். குறைந்த அழுத்தத் தோட்டா போட்டு வலது குழலை மட்டும் சுடலாமே என்று பையன் கேட்டான். வலது குழலின் கனம் போதும்தான். ஆனால் பூட்டு தளர்ந்திருக்கிறது, குதிரை நிற்கவில்லை, இடது குழலில் தோட்டா போட யாருக்காவது ஒருநாள் தோன்றும். சரி, வேண்டாம் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது முடிவு காலத்தைப் பற்றியது. 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி பழம்பொருள்; கைமாற்றும் விதிகள் தளர்வு. கிரெசென்ட் துப்பாக்கியின் எண்ணைக் கொடுத்தால் ஆண்டைச் சொல்ல, தொழிற்சாலைப் பதிவேடு எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. வெளிக்குதிரை, வரிக்குழல், கடைப்பெயர் மூன்றையும் வைத்து 1900-க்கும் 1915-க்கும் இடையில் என்று எழுதினோம். பழம்பொருள் என்று காட்டச் சான்று இல்லாததால் சாதாரணத் துப்பாக்கியாகவே பட்டறையின் பதிவேட்டில் ஏற்றினோம். தவறினால் இந்தப் பக்கம் தவறுவது நல்லது.

மூன்றாவது: எதையும் மெருகேற்றவோ, கட்டையைப் புதுப்பிக்கவோ கூடாது. தம்பி, “பளபளன்னு ஆக்கினா விலை ஏறுமில்ல?” என்று கேட்டிருந்தார். ஏறாது. மீந்திருக்கும் பழைய நிறமும் போய்விடும்.

விலை

கேட்கும் விலை வேறு, கொடுத்த விலை வேறு. 1,900 டாலர் விளம்பரம் பதினான்கு மாதமாக விற்காமல் கிடந்தது. அதிலிருந்த துப்பாக்கியும் வேறு தரத்தது. நாங்கள் ஏலங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் எடுத்தோம். கடைப்பெயர் பொறித்த, வெளிக்குதிரை வைத்த, வரிக்குழல் கிரெசென்ட் துப்பாக்கிகள் ஆறு கிடைத்தன. மிகக் குறைந்தது 90 டாலர், அதிகம் 310. அந்த 310-க்குப் போனதன் குழல் சுத்தம், குதிரைகள் இரண்டும் அசல், கட்டையில் விரிசல் இல்லை. அதோடு, எந்த ஊர் வியாபாரியின் பெயர் பொறித்திருந்ததோ அதே ஊரில் ஏலம் நடந்திருந்தது. சொந்த ஊர்ப் பெயருக்கு மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள். மற்ற ஐந்தும் 200-க்குக் கீழே.

எங்களுடையதைச் சுடமுடியாத, அலங்காரத்துக்கு மட்டுமான துப்பாக்கி என்று வைத்தோம். ஹிப்பார்ட் நிறுவனத்தின் பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் இதையும் விரும்புவார்கள் என்பதற்குக் கொஞ்சம் கூட்டினோம். மாற்றுக் குதிரைக்கும் கட்டை விரிசலுக்கும் குறைத்தோம். விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் நிர்ப்பந்தம் இல்லாத நியாயச் சந்தை விலை 140 டாலர் என்று எழுதினோம். கடைக்காரர் ரொக்கமாகக் கொடுப்பது 75 டாலர் இருக்கும் என்பதையும் தனியாகக் குறித்தோம். பாகப் பட்டியலுக்கு உரியது முதல் எண் என்று விளக்கினோம். இந்த இரண்டையும் பிரித்து எழுதாததால் குடும்பங்களில் சண்டை வந்ததை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

குடும்பத்திடம் சொன்னது

தம்பி நேரில் வந்தார். 140 என்று கேட்டதும் முகம் சுருங்கியது. முதலில் ஐந்நூறு என்று சொன்னீர்களே என்று என்னிடம் கேட்டார். சொன்னேன், படத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அதற்கு மேல் சமாதானம் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் அவர் கையில் குழலைக் கொடுத்து விளக்கை வைத்தார். காகிதக் கீற்றையும் அவரையே இழுக்கச் சொன்னார். இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டது விலையைப் பற்றி இல்லை. “அப்போ அப்பா இதை வச்சுத்தானே முயல் சுட்டாரு? நான் பக்கத்துல நின்னிருக்கேன்.” அன்று குழல் இவ்வளவு மெலிந்திருக்காது, பிறகு துரு தின்றிருக்கும், அவர் சின்ன மருந்தளவுத் தோட்டா போட்டிருப்பார் என்றார் பட்டறைக்காரர். அக்காள் தம்பியின் தோளில் கை வைத்தார். பாதிக் காசு பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

பின்னர் நடந்தது

துப்பாக்கி அக்காளின் பங்காகப் பட்டியலில் 140 டாலருக்கு ஏறியது; அதற்கு ஈடாகத் தம்பி அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு குதிரைகளின் முள்களையும் கழற்றி, பெயர் எழுதிய உறையில் போட்டுக் கொடுத்தோம். எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ இல்லை. வேண்டுமானால் திரும்பப் பொருத்தலாம். ‘சுடத் தகாதது’ என்ற தகவலோடு எங்கள் அளவுத்தாளின் நகலைச் சீட்டாக மடித்து முன்கட்டைக்குள் வைத்தோம். நாளைக்கு இதைத் திறக்கிறவர் நம்மில் யாராகவும் இருக்க மாட்டார் என்றுதான். பேரன் அந்தப் பருவத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனான். வாங்கிய தோட்டாப் பெட்டியை, சமீபத்திய 16 போர் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டான்.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மாள் பட்டறைக்கு ஒரு கணக்குப் புத்தகம் கொண்டு வந்தார். தாத்தாவின் பண்ணைக் கணக்கு. 1909 நவம்பரில், விதைச்சோள மூட்டைக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவே ஒரு வரி: துப்பாக்கி, 16, பதின்மூன்று டாலர் எழுபத்தைந்து சென்ட். கடையின் பெயரும் இருந்தது. மாவட்டத் தலையூரின் இரும்புக்கடை. நாங்கள் எழுதிய காலத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. வாங்கிய தேதி செய்த தேதி ஆகாது என்பதால் பதிவை மாற்றவில்லை. அந்தப் பக்கத்தின் நகலைத் துப்பாக்கியோடு சேர்த்து வைக்கச் சொன்னோம். விற்பதாக இருந்தால், ஒரு கடைப்பெயர்த் துப்பாக்கிக்கு எழுத்துச்சான்று கிடைப்பது அரிது. அந்தத் தாள் விலையைச் சற்று ஏற்றும்.

இனி மாற்றிச் செய்வது

படத்தைப் பார்த்து விலை சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். எவ்வளவு வற்புறுத்தினாலும், தோட்டா எதுவும் போடாதீர்கள், திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து பாருங்கள், கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் யாராவது சுட நினைக்கிறார்களா, தோட்டா வாங்கியிருக்கிறார்களா என்பதை முதல் தொலைபேசியிலேயே கேட்கிறேன். இந்தப் பையனிடம் அதை ஒரு வாரம் தாமதமாகக் கேட்டது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்த ஒரு வாரத்தில் அவன் ஒருமுறை விசையை இழுத்திருக்கலாம்.

குடும்பத்துக் கணக்குப் புத்தகம், கடிதம், பழைய ரசீது, துப்பாக்கியோடு யாராவது நிற்கிற புகைப்படம், இவையெல்லாம் உண்டா என்று அளக்கத் தொடங்குவதற்கு முன்பே கேட்கிறோம். அந்த அம்மாளின் கணக்குப் புத்தகம் எங்கள் வேலை நடந்த நாள் முழுதும் அவர் காரின் பின்னிருக்கையில், வீட்டிலிருந்து எடுத்த மற்றப் பொருள்களோடு ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.